பொருள் புரியாதவள் அடித்த மடல்

அன்று அச்சகத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். கல்லாவில் முதலாளி. உள்ளறையில் ஆப்செட் மிஷினுக்கு மை துடைத்துக்கொண்டிருந்த மிஷின்காரர். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து கல்யாணக் கார்டு மடித்துக்கொண்டிருந்த பைண்டிங் அக்கா. மகள் கல்யாணத்துக்கு அடித்த வாழ்த்து மடலை வாங்கிப்போக திற்பரப்பிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார். மின்விசிறிக்கு நேர் கீழே, எப்போதும் உட்காரும் நாற்காலியில் சார். கம்ப்யூட்டர் முன்னால் நான். ஆறு பேரையும் எழுதிவைக்கிறேன். சார் நாளைக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பார். மிச்சம் ஐந்து பேர் இருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் வாழ்த்து மடல் இல்லாத கல்யாணம் கிடையாது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் புகழ்ந்து இருபத்துநாலு வரி. வழுவழுப்பான தாளில் பூவும் புறாவும் போட்டு அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் மைக்கில் வாசித்துக் கையில் கொடுப்பார்கள். பிறகு அது அந்த வீட்டுச் சுவரில் பேரப்பிள்ளை காலம்வரை தொங்கும். களியக்காவிளையில் எங்கள் அச்சகத்துக்கு அதில் நல்ல பெயர். பெயர் என்றால் சாருடைய பெயர். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒவ்வொரு மடலின் அடியிலும் 'இயற்றியவர்' என்று அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இயற்றியது நான்.

இது ஒரே நாளில் வந்ததில்லை. முதலில் சார் எழுதிக் கொடுத்ததை அடித்தேன். பிறகு சார் நாலு வரி சொல்லிவிட்டு "மிச்சத்த நீயே இட்டு நெரப்பு பிள்ளே" என்றார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த நாலு வரியும் நின்றுபோனது. ஒரு மடலுக்கு நூற்றைம்பது ரூபாய் தருகிறேன் என்றார். முதல் நாலு மடலுக்குத் தந்தார். அதன் பிறகு "பொறவு பாப்போம்."

திற்பரப்புத் தகப்பனார் மடலை எழுத்துக் கூட்டி வாசித்தார். பெண்ணின் அம்மா இறந்துபோனதையும், இரண்டு அண்ணன்மார் அவளைத் தோளில் சுமந்து வளர்த்ததையும், வீட்டு முற்றத்தில் அருவிச் சாரல் தெறிப்பதையும், மாப்பிள்ளை பாலைவன நாட்டில் வேலை பார்ப்பதையும் எழுதியிருந்தேன். கார்டுக்கு விவரம் கொடுக்க வந்த அன்று அவர் வாயிலிருந்தே கேட்டு வைத்தது. வாசித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"சாரே, கூட இருந்து பாத்த மாதிரியில்லா எழுதியிருக்கிய."

"மூணு நாளு ஒறக்கம் இல்ல, கேட்டியளா," என்றார் சார்.

தகப்பனார் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளயும் எழுதுமா?"

"அதா? ஒம்பதாங் கிளாஸோட நின்னுபோச்சு. நாம குடுத்தா அடிச்சுத் தரும். பொருளு ஒண்ணும் புரியாது, பாவம்."

முதலாளி சிரித்தார். மிஷின்காரர் சிரித்தார். தகப்பனார் மரியாதைக்குச் சிரித்தார். பைண்டிங் அக்கா மட்டும் கார்டை மடித்துக்கொண்டே இருந்தாள். வேஸ்ட் தாளின் பின்பக்கத்தில் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுதுவதைப் பார்த்தவள் அவள்தான். சிரித்தது யார் யார் என்று அன்றே மனதில் எழுதிக்கொண்டேன். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதையும் எழுதிக்கொண்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றதன் காரணம் சாருக்குத் தெரியாது. காரணம் அவர்தான். 'மழை நாள்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டு ஓடு ஒழுகியதையும், ஒழுகிய இடங்களில் அம்மா வைத்த பாத்திரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போட்டதையும் எழுதினேன். "யாரு எழுதித் தந்தா?" என்று கேட்டார். "நாந்தான் சார்." "களவாணி," என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரு கோடு இழுத்தார். தாள் கிழிந்தது. இரண்டு பீரியடு வெளியே நிற்கவைத்தார். மறுநாள் வயிற்றுவலி என்று சொன்னேன். அடுத்த வாரமும் சொன்னேன். அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை. பக்கத்து வீட்டு அக்காளோடு அண்டி ஆபீசுக்கு, முந்திரிக்கொட்டை உடைக்கப் போனேன். அந்தத் தோட்டு எண்ணெயில் விரல் கறுத்துப் பொத்துப்போகும். ஏழு வருடம் கழித்து மார்த்தாண்டத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்து அச்சகத்துக்கு வந்தபோதும் நகத்தோரத்தில் கறுப்பு மிச்சம் இருந்தது.

அன்றைக்கு நான் எழுதியதை நான் எழுதவில்லை என்றார். இன்றைக்கு நான் எழுதியதைத் தான் எழுதியது என்கிறார். கோயிலில் ஞாயிறுதோறும் மன்னிக்கச் சொல்லிப் பிரசங்கம் நடக்கிறது. எனக்குக் காதுவரை வருகிறது.

அதே வாரம் ஒரு நோட்டீஸ் அச்சடிக்க வந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரி புதிதாகத் திறந்த படிப்பு மையத்துடையது. 'விரைவு இணையவழிப் படிப்பு: இலக்கியமும் எழுத்தும்.' கல்லூரியில் ஆறு மாதம் நடத்தும் பாடம் எட்டு வாரத்தில். வீட்டிலிருந்தே படிக்கலாம். பள்ளிக்கூடம் முடிக்காதவர்களும் சேரலாம். அவர்கள் 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று ஒரு கட்டுரை அனுப்பித் தேறவேண்டும். கட்டணம் ஆறாயிரம், இரண்டு தவணை. பிழை பார்க்கும் சாக்கில் நாலு தடவை வாசித்தேன். பொருள் நன்றாகவே புரிந்தது.

சேரவேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். என் பெயர் அடியில் இருக்க, நான் எழுதியது ஒரு கல்லூரிக்குப் போகவேண்டும். அதை அச்சடித்துச் சார் மூக்குக்கு நேரே நீட்டவேண்டும். அதற்குமேல் இலக்கிய ஆசை என்று அப்போது எதுவும் இருந்ததாக நினைவில்லை.

ஆனால் நான் காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். வளைகுடாவிலிருந்து வந்த தம்பி தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தான். சாவிகளில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் இருந்தது. தவறி எதையாவது அழுத்தினால் அரபியில் போய்விடுமோ என்று இரண்டு நாள் தொடவில்லை. டேட்டா கார்டுக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் ரப்பர் ஷீட் காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். பாஸ்வேர்டை மூன்று இடத்தில் எழுதிவைத்தேன். மூன்றும் ஒன்றுதானா என்று தினமும் சரிபார்த்தேன்.

வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஷீட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, எட்டு வாரத்துல படிச்சு முடிச்சா என்னத்தக் கிட்டும்?"

"சர்ட்டிபிகேட் கிட்டும்."

"அத வச்சு?"

"ஒரு ஆளுக்க மூஞ்சில தேய்க்கணும்."

"செரி. நல்ல கட்டியான தாளுல தருவினுமாண்ணு கேட்டுக்க," என்றார்.

எட்டு வாரத்தில் பதினாறு கதை, முப்பது கவிதை, எட்டுக் கட்டுரை. வாரம் தவறினால் வெளியே. அதனால் சேருவதற்கு முன்பே ஒத்திகை பார்த்தேன். பஸ்ஸில் போகும்போது ஒரு கதை, வரும்போது அதே கதை. வாசித்ததும் நாலு வரியில் என்ன நடந்தது என்று எழுதவேண்டும். முதல் வாரம் என்னால் நாலு வரியில் நிறுத்த முடியவில்லை. பக்கக் கணக்காகப் போனது. புகழ்ச்சியாகப் போனது.

அந்தப் புகழ்ச்சிதான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று பார்த்ததுமே சாரைத்தான் எழுதுவது என்று முடிவு. திட்டித் தீர்ப்பது என்று உட்கார்ந்தேன். ஆனால் கை, மடல் எழுதிப் பழகிய கை. 'கற்றவர் அவையில் கம்பீரமாய் அமர்ந்து' என்று தொடங்கியது. கீழே வசை வரவேண்டிய இடத்தில் எல்லாம் எதுகையும் மோனையும் வந்து உட்கார்ந்தன. திருட்டைக்கூடத் திருவிழா போல எழுதியிருந்தேன். நாலு நாலு வரியாக ஆறு பத்தி, மொத்தம் இருபத்துநாலு வரி. முடிவில் என்னை அறியாமல் 'என்றும் அன்புடன் வாழ்த்தும்' என்று போட்டு என் பெயர். அதைக் கவனிக்காமலே அனுப்பியும்விட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. படிப்பை நடத்தும் டீச்சர். மதுரைப் பக்கத்துப் பேச்சு. நான் பீரோவிலிருந்து நல்ல சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் பேசினேன். முகம் தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது.

"ஏம்மா, இவர் யாரு?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு சார், டீச்சர்."

"உங்களுக்கு அவர் மேல மரியாதையா, கோவமா?"

"கோவம்."

"எனக்குத் தெரியலையே. இது கல்யாணத்துல வாசிக்கிற மாதிரில்ல இருக்கு? ஆளே கண்ணுல விழலை. அவர் சட்டைப் பையில என்ன வச்சிருப்பாரு?"

பதினோரு வருடமாகத் தினமும் எதிரே உட்காருகிற மனிதரின் சட்டைப் பையை நான் பார்த்ததில்லை. தலை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"பத்து நாள் தரேன். ஆளைப் பாத்து எழுதுங்க. புகழாதீங்க, திட்டாதீங்க. அதுலயும் இப்படி வந்தா சேத்துக்க முடியாதும்மா."

மறுநாளிலிருந்து பார்த்தேன். பழிவாங்க ஒருவரைப் பார்ப்பது நல்ல பயிற்சி, ஒன்றும் தப்பாது. பையில் சிவப்புப் பேனா. அதே சிவப்பு. திருத்த ஒன்றும் இல்லாதபோதும் மூடியைத் திறந்து மூடுவார். பாக்குப் பொட்டலம். கல்யாண வீட்டார் கொடுக்கும் கவர். அதைப் பிரிக்காமல் விரலால் தடவியே எவ்வளவு என்று கண்டுபிடிப்பார். மேடைக்குப் போகிற நாளில், காகிதம் வெட்டும் மிஷினுக்குப் பின்னால் நின்று என் வரிகளை முணுமுணுத்துக் கையை ஆட்டிப் பார்ப்பார். அழவேண்டிய இடத்தில் ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். எல்லாவற்றையும் வேஸ்ட் தாளில் குறித்தேன்.

நாலாம் நாள் சார் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் மகளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கார்டை நான்தான் அடித்திருந்தேன்.

"பிள்ளே, எனக்க மவளுக்கு ஒரு மடலு வேணும். நல்லா அமைஞ்சு வரணும். நான் தகப்பன், வாசிக்கும்போ எல்லாரும் அழணும், கேட்டியா?"

பதினோரு வருடம் நான் ஒத்திகை பார்க்காத வரி அது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"எழுதிக் கொண்டாங்க சாரே, அடிச்சுத் தாறேன். எனக்குப் பொருளு புரியாதே."

பைண்டிங் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சார் என்னைப் பார்த்தார். முதலாளி இருக்கும்போது வாயைத் திறந்து கேட்க முடியாது. கேட்டால், இத்தனை நாள் எழுதியது யார் என்று வந்துவிடும்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விடும். வேலை போனால் கட்டணம் கட்ட முடியாது. நாளைக்கே போய் "எழுதித் தாறேன் சார்" என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். காஸை மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சார் ஒரு தாளைக் கொண்டுவந்தார். திற்பரப்பு மடல்தான். அவர் கையெழுத்தில் பார்த்து எழுதியிருந்தார். பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். இரண்டு அண்ணன்மார் அப்படியே இருந்தார்கள். அருவிச் சாரல் இருந்தது. பாலைவனம் இருந்தது. அம்மா இல்லாமல் வளர்ந்தாள் என்ற வரியை மட்டும் கோடு போட்டு அடித்திருந்தார், மனைவிக்குப் பயந்திருப்பார். அவர் மகள் ஒற்றைப் பிள்ளை. மாப்பிள்ளை அஞ்சுகிராமத்தில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். கார்டு அடித்த எனக்கு இதெல்லாம் தெரியும்.

எழுத்துக்கு எழுத்து அடித்தேன்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம். அடித்ததை ஒரு தாளில் எடுத்துக் கொடுப்போம். வந்தவர் வாசித்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷினில் ஏறும். அதன்பின் தவறு இருந்தால் அச்சகம் பொறுப்பல்ல. சார் ஒருநாளும் வாசித்ததில்லை. நான்தான் எல்லாவற்றையும் திருத்திவிடுவேனே. தாளை நீட்டினேன்.

"சாரே, ஒருக்க வாசிச்சிருங்க."

"முப்பத்தஞ்சு வருசம் பேப்பரு திருத்துனவன் நான். நீ எனக்குச் செல்லித் தாறியா?"

சிவப்புப் பேனாவை எடுத்து 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை நாலு ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்றை அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

மடல் மிஷினில் ஏறும்வரை ஒரு மணி நேரம் இருந்தது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். மிஷின்காரர் பிளேட் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு குறையும் நினைக்கவில்லை என்று எழுதினால் பாதிதான் உண்மை. அவள் வீட்டுச் சுவரில் அது தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். இருந்தும் எழுந்திருக்கவில்லை.

கல்யாணத்துக்கு அச்சகத்தில் எல்லோருக்கும் அழைப்பு. மண்டபம் நிறைந்திருந்தது. சார் பட்டு வேட்டியில் மேடை ஏறி, கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மைக்கில் வாசித்தார். 'இரு அண்ணன்மார் தோளினிலே இனிதாக வளர்ந்தவளே' என்று வந்தது. தொண்டையைச் செருமினார், அழவேண்டிய இடம் என்று. எனக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள்.

"ஏட்டி, இவளுக்கு எங்கேருந்து ரெண்டு அண்ணமாரு?"

"சாருக்கு வேற எங்கயாவது வீடு உண்டோ என்னவோ."

அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் போனது. மேடையில் சாரின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். சாருக்கு நிறுத்த முடியவில்லை. சட்டத்துக்குள் இருப்பதை எப்படி மாற்றுவது? 'பாலைவன நாட்டினிலே பாடுபட்ட மணமகனே' என்று அடுத்த வரி.

"அஞ்சுகிராமம் எப்பம் மக்கா பாலைவனமாச்சு?" என்று மாப்பிள்ளை வீட்டு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். சார் மிச்சத்தை விழுங்கி விழுங்கி வாசித்தார். கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின. நான் தலை நிமிர்ந்துதான் இருந்தேன். பந்தியில் பிரதமன் பாயசத்தில் பழமும் பப்படமும் நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். கழுத்துவரை பயம் இருந்தது. அப்படியும் நன்றாகத்தான் இறங்கியது.

அன்று சாயங்காலமே மாடியில் உட்கார்ந்து கட்டுரையை எழுதினேன். சிவப்புப் பேனா, கவரைத் தடவும் விரல், காகிதம் வெட்டும் மிஷினுக்குப் பின்னால் ஆடும் கை, கிழிந்த மழைக் கட்டுரை, மைக்குக்கு முன்னால் நின்ற தொண்டை. ஒரு எதுகைகூட இல்லை. வந்தால் அழித்தேன். பத்தாம் நாள் காலையில் அனுப்பினேன். போயிற்றா என்று பதினோரு தடவை பார்த்தேன்.

மறுநாள் சார் அச்சகத்துக்கு வந்து கத்தினார். "வேணும்ணே செய்தா! எனக்க மானத்த வாங்கிட்டா!"

முதலாளி கையெழுத்துப் போட்ட தாளைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துப் பார்த்தார்.

"சாரே, இது உம்ம கையெழுத்து இல்லியா?"

"இவ எப்பவும் திருத்துவா ஓய்!"

"எத? நீரு எழுதுனதயா?"

சார் பேனா மூடியைத் திறந்து மூடினார். தரையிலிருந்து பைண்டிங் அக்கா, "அடிக்கத்தான் தெரியும், பொருளு புரியாது, பாவம்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குச் சிரிப்பைவிட நன்றாக இருந்தது. முதலாளி அன்று வேறொன்றும் கேட்கவில்லை. என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை.

புதன்கிழமை டீச்சரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள். முதல் தவணை மூவாயிரம், வெள்ளிக்குள் கட்டவேண்டும். கையில் எண்ணூறு இருந்தது.

வியாழக்கிழமை சார் வீட்டுக்குப் போனேன். மடல் சுவரில் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. பைசா வராத முப்பத்தோரு மடலின் அட்டவணையை நீட்டினேன்.

"மானத்த வாங்கினது போதாதுண்ணு பைசாவும் வேணுமா?"

"காலேஜுக்குக் கட்டணும் சார்."

"காலேஜா? நீயா?"

"நான் உங்கட்ட ஒம்பதாங் கிளாஸு படிச்சவ. மழை நாளு கட்டுரை. பாத்திரத்துல தண்ணி விழுத சத்தம். களவாணிண்ணு சொல்லிக் கோடு போட்டிய. அத நாந்தான் எழுதுனேன்."

சார் என்னைப் பார்த்தார். எதையோ தேடுகிற பார்வைதான்.

"எத்தன ஆயிரம் பிள்ளையள படிப்பிச்சேன். எனக்கு ஓர்ம இல்ல," என்றார்.

அவர் மறந்திருப்பார் என்பதற்கு நான் தயாராகிப் போயிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து பதில் யோசித்து வைத்தவள், இதற்கு வைத்திருக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து, பிரிக்காமல் தடவி, பிறகு பிரித்து ஆறு நூறு ரூபாய் நோட்டை உருவி நாற்காலிக் கையில் வைத்தார். எடுத்துக்கொண்டேன். அங்கே நின்றே அட்டவணையில் கழித்து எழுதினேன், அவர் பார்க்க. மிச்சத்துக்குக் கம்மலை அடகு வைத்து வெள்ளிக்கிழமை காலையில் கட்டினேன். படித்தும் முடித்தேன். வீட்டுக்காரர் சொன்னதுபோலக் கட்டியான தாளில்தான் சர்ட்டிபிகேட் வந்தது. ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சாருக்குத் தபாலில் அனுப்பினேன், பின்பக்கத்தில் மீதிக் கணக்கை எழுதி. பதில் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை இன்னும் அனுப்புகிறேன்.

முப்பத்தோரு மடல், நாலாயிரத்து அறுநூற்றைம்பது. வந்தது அறுநூறு. வரவேண்டியது நாலாயிரத்து ஐம்பது ரூபாய்.